ஒரு நிமிடம் 42 வினாடிக்காக ஏழு மாதம்

வாக்குவாதத்தில் தோற்றவர் அன்றைய சாப்பாட்டுக் காசைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். நான் தோற்ற வாக்குவாதத்துக்கு 5,535 மலேசிய வெள்ளி கொடுத்தேன். போதாதென்று இடது கட்டைவிரலையும் ஏறக்குறைய கொடுத்திருப்பேன். கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு கித்தாரை மறுபடி கையில் எடுக்கும் யாருக்காவது இது கண்ணில் பட்டால் போதும். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், கூடுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் இரண்டாவது சுற்று வரும்போது ராக் கித்தாரில் வந்து நிற்கும். ஏப்ரல் மாதத்தின் அந்த இரவில், மகத்தான கித்தார் கலைஞர் என்று யாரைச் சொல்வது என்ற பழைய சண்டை மீண்டும் எழுந்தது. வங்கியில் வேலை செய்யும் நண்பன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைத் தாண்டி எவரையும் ஏற்க மாட்டான். இன்னொருவனுக்கு எண்பதுகளின் மலாய் ராக்கைச் சேர்க்காத எந்தப் பட்டியலும் குப்பை. நான் எடி வான் ஹேலன் கட்சி. என் வாதம் எளிமையானது: வேகத்தை அளக்கலாம், மற்றதெல்லாம் அவரவர் ரசனை. அளக்க முடிந்ததை வைத்துத்தானே தீர்ப்பு சொல்ல முடியும்?

வங்கி நண்பன் கைப்பேசியைத் திறந்து ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழின் பட்டியலைக் காட்டினான். 2003இல் அவர்கள் வெளியிட்ட நூறு பேர் பட்டியலில் வான் ஹேலனுக்கு எழுபதாவது இடம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நானும் விடவில்லை, 2011 பட்டியலைத் தேடி எடுத்தேன். அதில் அவருக்கு எட்டாவது இடம். மேசையைத் தட்டிச் சிரித்தேன். அந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குழு ஒரு புதிய ஸ்டூடியோ ஆல்பம்கூட வெளியிடவில்லை என்பதை அன்று யாருமே யோசிக்கவில்லை. 1998க்குப் பிறகு அடுத்தது வந்தது 2012இல்தான். அதே மனிதர், அதே பழைய பதிவுகள், அறுபத்திரண்டு இடம் ஏற்றம். மாறியது தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமே. இது அன்றே உறைத்திருந்தால் என் பணம் பிழைத்திருக்கும்.

ஆனால் அன்று நடந்தது சவால். “இவ்வளவு பேசுகிறாயே, தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் ‘இரப்ஷன்’ வாசித்துக் காட்டு பார்க்கலாம்” என்றான் அவன். 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் வான் ஹேலன் தனியாக வாசித்த துண்டு அது. மொத்தம் ஒரு நிமிடம் 42 வினாடி. வலது கை விரல்களாலும், கழுத்தில் குறுக்காகப் பதித்த பிரெட் என்ற உலோகக் கம்பிகளின் மேல் தட்டித் தட்டி வாசிக்கும் உத்தியை உலகம் முழுவதும் பரப்பிய பதிவு. நான் கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு வாசித்தவன், பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் தந்தியைத் தொடாதவன். “வாசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். கோடீஸ்வரனைப் போல அன்றைய காசையும் நானே கொடுத்தேன்.

அடுத்த வாரமே நகரத்தின் ஒரு பேரங்காடியில் இருந்த இசைக்கருவிக் கடைக்குத் தனியாகப் போனேன். முதல் தவறு அந்தத் ‘தனியாக’தான். கடைக்காரர் எதைக் காட்டினாலும் நான் விலைச்சீட்டைத்தான் பார்த்தேன், விலை ஏற ஏற என் விரலும் வேகம் பிடிக்கும் என்பதைப் போல. கித்தார் 6,400 வெள்ளி. எதிரொலிக்கு ஒன்று, உறுமலுக்கு ஒன்று என்று ஒலியை மாற்றும் மூன்று பெடல்கள் 2,350 வெள்ளி. இணையத்தில் ‘தொண்ணூறு நாளில் மின்னல் விரல்கள்’ என்ற வகையில் ஒரு பாடத்திட்டம் 690 வெள்ளி. நான் யாரைப் போல வாசிக்க இவ்வளவு செலவழித்தேனோ, அவர் தன் கித்தாரைத் தானே சேர்த்துக் கட்டியவர். தொழிற்சாலையில் கழித்துவிடப்பட்ட உடல் ஐம்பது டாலர், கழுத்து எண்பது டாலர். இதை நான் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். புதிய கித்தார் பெட்டியிலிருந்து வெளியே வந்தவுடன் வாசிக்கத் தயாராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மரம் கடல் கடந்து வந்திருக்கிறது, நம் ஊர் ஈரக்காற்றில் கழுத்து வளையும், தந்தி மேலே தூக்கிக்கொள்ளும். பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கடையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் கித்தாருக்கு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால், சரிசெய்து தந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் நீங்கள் லாபத்தில்தான் இருப்பீர்கள்.

மே மாதம் முழுவதும் இரவு பத்து மணி முதல் ஒரு மணி வரை பயிற்சி. அடுக்குமாடி வீடு, அடுத்த கதவில் கைக்குழந்தை, அதனால் காதில் ஹெட்ஃபோன். நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஷ்டப்படுகிறேன் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே. ஒரு நோட்டுப் புத்தகத்தில், தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமின் எண்களை எழுதி வந்தேன்: 80, 84, 88. எண் ஏறிய நாள் நல்ல நாள், இறங்கிய நாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுவேன். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. மூன்று மாதப் பக்கங்களில் எங்கும் ‘நன்றாக ஒலித்தது’ என்று ஒரு வரி இல்லை. எண்கள் மட்டுமே இருக்கின்றன.

ஜூன் நடுவில், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரமாக ஒரு குத்தல் தொடங்கியது. வலிக்காமல் வித்தை வருமா என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டு வாசித்தேன். எண்பதுகளில் இந்த நாட்டு ராக் இசைக்கு ‘ராக் காப்பாக்’ என்று பெயர், காப்பாக் என்றால் கோடாலி. என் கைக்கு வந்து சேர்ந்த கோடாலி தைலக் குப்பியில் மட்டும்தான் இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை, குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்தபோது இடது கையிலிருந்து முழங்கை வரை ஒரு மின்னல் வெட்டு. துண்டு கையிலிருந்து நழுவித் தரையில் கிடக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அன்று மாலை மாமாக் கடையில் கண்ணாடிக் குவளையை இடது கையால் தூக்கினேன். பாதியில் விட்டுவிட்டேன். “தூக்கம் சரியில்லை” என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன். வீடு திரும்பும்போது ஸ்டீயரிங்கை ஒரே கையால் பிடித்துக்கொண்டு, இனி விசைப்பலகையில் தட்டச்சு செய்ய முடியுமா, வேலை என்ன ஆகும் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

முதலில் பார்த்த மருத்துவர் மாத்திரை கொடுத்து 85 வெள்ளி வாங்கினார். வலி போகவில்லை. பிறகு எலும்பு மருத்துவர். அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் பிறந்த குழந்தை இருக்கிறதா?” இல்லை என்றேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொன்னார். அப்படியே முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். பாதி சாய்ப்பதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். டி கெர்வைன் என்று பெயர் சொன்னார். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, அந்த உறை தடித்து வீங்கி நாணை நெரிக்கிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஒருவர் 1895இல் விவரித்த நோய், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வருமாம், அதனால்தான் அந்தக் கேள்வி. நான் தூக்கி வளர்த்தது 6,400 வெள்ளிக் குழந்தை என்று சொல்லவில்லை. ஆலோசனைக்கு 180, ஸ்கேனுக்கு 250, பிறகு எட்டு முறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு 880. ஆறு வாரம் கட்டைவிரலோடு சேர்த்துப் பட்டை, கித்தாரைத் தொடக்கூடாது. சரியாகாவிட்டால் ஊசி, அதுவும் கேட்காவிட்டால் கத்தி என்றார்.

கேட்டுக் கேட்டு நான் சேர்த்த பாடம் இது. பயிற்சிக்குப் பின் முன்கைத் தசை முழுவதும் பரவலாக வலித்து மறுநாள் காலையில் போய்விட்டால் அது களைப்பு. ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்து, காலையிலும் அங்கேயே இருந்தால் அது காயம், அன்றே நிறுத்துங்கள். தைலம் வலியை மறைக்குமே தவிர நாணை ஆற்றாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள். கித்தாரை முழங்கால் வரை தொங்கவிட்டு வாசிப்பது படத்துக்கு அழகு, ஆனால் மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் கட்டைவிரல். கழுத்தின் பின்புறத்தை நான் கொடியைப் பிடிப்பது போல நெரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தந்தியின் மேல் விரலைச் சும்மா வைத்து, வலது கையால் மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். கரகரப்பு நீங்கி ஸ்வரம் தெளியும் இடம் ஒன்று வரும். அதற்கு மேல் அழுத்துவது வீண். நான் அதைப்போல மூன்று மடங்கு அழுத்தியிருப்பேன்.

அந்த ஆறு வாரத்தில் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிளாக் சபாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி ஐயோமியைப் பற்றி அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில், அங்கே அவருக்குக் கடைசி நாள் அது, வலது கையின் நடு இரு விரல்களின் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், பிரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி போட்டார், 1971 வாக்கில் வலி தெரியாமலிருக்கத் தந்திகளைக் கீழே தளர்த்திச் சுருதி வைத்தார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த, புதைகுழி போன்ற ஒலியில் பாதி அந்தத் தளர்ந்த தந்திகளிலிருந்து வந்தது. அவர் விரலின் வலியைக் கேட்டுக் கருவியை மாற்றினார். நான் என் வலியின் மேல் தைலம் தடவினேன்.

என் கதாநாயகனைப் பற்றியும் இரண்டு செய்திகள் கிடைத்தன. அவரும் தந்திகளை அரைச் சுருதி கீழே தளர்த்தி வைத்துத்தான் அதை வாசித்திருக்கிறார். நான் தடித்த தந்தி போட்டு முழுச் சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தது, நான் கையை உடைத்துக்கொண்டு பழகிய அந்தத் துண்டில் ஓரிடத்தில் தான் பிசகிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பிசகையும் சேர்த்து நான் மனப்பாடம் செய்திருந்தேன் போலும்.

ஆகஸ்ட் கடைசியில் கித்தாரை விற்றுவிட முடிவு செய்து, விலை மதிப்பிடச் செந்தூலில் ஒரு அண்ணனிடம் கொண்டு போனேன். எண்பதுகளில் ஹோட்டல்களில் வாசித்தவர், இப்போது வீட்டின் முன்கூடத்தில் கித்தார் பழுது பார்க்கிறார். கித்தாரைத் துப்பாக்கி போலத் தூக்கித் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சின்ன எஃகு அளவுகோலைப் பன்னிரண்டாவது பிரெட்டில் நிறுத்தினார். 2.8 மில்லிமீட்டர். “இதில் வாசித்தால் கை போகாமல் என்ன செய்யும், தம்பி?” என்றார். கழுத்துக்குள் இருக்கும் கம்பியைக் கால் திருப்பு திருப்பி, தந்திகளை மெல்லியவையாக மாற்றி, தந்திகளைத் தாங்கும் பாலத்தை இறக்கி 1.7க்குக் கொண்டு வந்தார். முழுதாக ஒன்றரை மணி நேரம். கூலி 90 வெள்ளி. எங்கள் பேச்சுக்கு நடுவே அவர் மனைவி கொடுத்த கோப்பி ஆறிப்போயிருந்தது. அந்த 90 வெள்ளியை மேலே சொன்ன நட்டக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது நட்டம் அல்ல.

பட்டை கழற்றப்பட்டு, பத்து நிமிடம் வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்த செப்டம்பரில் மறுபடி அவரிடம் போனேன். “ஒரே ஒரு ஸ்வரம் வாசி” என்றார். மூன்றாவது தந்தி, ஒன்பதாவது பிரெட். அவரே அடித்துக் காட்டினார்: “போய்ச் சேர வேண்டிய ஊர் இது. இப்போது ஏழாவது பிரெட்டிலிருந்து தந்தியை வளைத்து அங்கே போ.” நான் வளைத்தேன். ஊருக்கு ஒரு கல் முன்னால் நின்றுவிட்டது. மறுபடி. இம்முறை ஊரைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று மாதம் மின்னலாய் விரல் ஓட்டியவனுக்கு ஒரு ஸ்வரத்தில் போய் இறங்கத் தெரியவில்லை. அவர் மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரு விரல்களையும் துணைக்கு நிறுத்தி, கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பினார். தந்தி ஏறிச் சரியாக அங்கே நின்றது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தார். பிறகு மெதுவாக அசைக்கத் தொடங்கினார், அகலமாக, அவசரமே இல்லாமல். “நாகஸ்வரத்தில் தோடியின் காந்தாரம் அசைவதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? அதில் எத்தனை ஸ்வரம் என்று எவனாவது எண்ணுவானா?” கோயில் திருவிழாவில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அதையும் இதையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு என் காது கொஞ்சம் மாறியது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாடலில் வாசிக்கும் இரண்டாவது சோலோவில் பெரும்பாலான இடங்களைக் கை எட்டும் வேகத்தில்தான் வாசிக்கிறார், ஆனால் ஒவ்வொரு வளைவும் ஊர் போய்ச் சேருகிறது. அவருடைய கறுப்புக் கித்தார் 2019 ஏலத்தில் 3.975 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கித்தார் கிடைத்தது, விரல்கள் கில்மோரிடமே இருக்கின்றன. ஜெஃப் பெக், தந்தி மீட்டும் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டியவர், அவர் ஒரு ஸ்வரம் தொட்டாலே யார் என்று தெரிந்துவிடும். வான் ஹேலனையும் நான் கைவிடவில்லை. முன்பு நான் வேகமாகத் தாண்டிப்போன அவருடைய தாள வாசிப்பைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வேகம் தப்பு என்று சொல்ல வரவில்லை. சொல்ல ஏதாவது இருப்பவன் வேகமாகச் சொன்னாலும் கேட்கலாம். நான் ஏதும் இல்லாமலேயே வேகமாகச் சொல்லக் கிளம்பினேன்.

கித்தாரை 4,200க்கு விற்றேன், பெடல்களை 1,100க்கு. பாடத்திட்டத்தை யார் வாங்குவார்கள்? விற்றதில் போனதையும் பாடத்திட்டத்தின் காசையும் மருத்துவச் செலவையும் கூட்டித்தான் அந்த 5,535. அண்ணன் வைத்திருந்த பழைய கித்தார் ஒன்றை 700 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் மணிக்கட்டில் இன்னும் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது, இருபது நிமிடத்துக்குக் கைப்பேசியில் மணி வைத்திருக்கிறேன். வியர்வைக் கையோடு வாசித்தால் நம் ஊரில் தந்தி மூன்று வாரத்தில் துருப்பிடிக்கிறது, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் சவாலை நினைவூட்டினான் வங்கி நண்பன். முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், கார் நிறுத்துமிடத்தை மட்டும் தவிர்த்து. அவன் சிரிக்கவில்லை. “அந்தக் குவளை விழுந்த நாளிலேயே சொல்லியிருக்கலாமே” என்றான். எனக்குப் பதில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் அதே மேசை. யார் பெரியவர் என்று தொடங்கியது. என் முறை வந்தபோது, ஏசி/டிசி குழுவின் மால்கம் யங் என்றேன். தம்பி ஆங்கஸ் மேடை முழுவதும் ஓடி ஆடி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள, பின்னால் நின்று தாளத்தை மட்டும் நாற்பது ஆண்டு பிடித்திருந்தவர், கித்தாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் தனக்குத் தேவையில்லாதவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றே ஒன்றோடு வாசித்தவர். நால்வரும் ஒரே குரலில் கத்தத் தொடங்கினார்கள். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குவளையை இடது கையால் எடுத்து, மெதுவாக, உதடு வரை கொண்டு போனேன்.